மரச்சீனித் தோலில் பாக்டீரியாவை வளர்த்து அமைலேஸ் நொதி தயாரித்தல்: குமரி மாவட்டத்துக்கான முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தின் காயலோரங்களில் கதம்பையை (தேங்காயின் நார் மட்டையை) மாதக்கணக்கில் நீருக்குள் அமிழ்த்தி வைத்து, அது பதமானதும் அடித்து நார் எடுப்பது பழைய தொழில். நாரோடு நாரைப் பிணைத்திருக்கும் பெக்டினை நீரில் வாழும் பாக்டீரியாக்கள் சுரக்கும் நொதிகள் மெல்லக் கரைத்துவிடுவதால்தான் அடித்தவுடன் நார் பிரிகிறது. அங்கே எந்தப் பாக்டீரியா வேலை செய்கிறது, எவ்வளவு நொதி சுரக்கிறது, எந்த நாளில் அது உச்சத்துக்குப் போகிறது என்பதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. கதம்பை பதமானால் போதும். அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்டு, நொதியைத் தனியே பிரித்து, அளந்து, ஒரு தொழிலுக்குக் கொடுக்கும் அளவுக்குக் கொண்டுவருவது எப்படி என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

நுண்ணுயிரியல் ஆய்வக வசதி உள்ள கல்லூரி மாணவர்களையும், அப்படிப்பட்ட ஓர் ஆய்வகத்தோடு சேர்ந்து சிறு அளவில் முயன்று பார்க்க நினைப்பவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். வீட்டுச் சமையலறையில் செய்யக்கூடிய வேலை அல்ல இது. காரணம் பிறகு வரும்.

எந்தக் கழிவுக்கு எந்த நொதி

நம் மாவட்டத்தில் கழிவுக்குப் பஞ்சமில்லை. நாஞ்சில் நாட்டு வயல்களின் வைக்கோல், அரிசி ஆலைத் தவிடு, ஏத்தங்காய் சிப்ஸ் போடும் இடங்களில் குவியும் தோல், குலை வெட்டியபின் தோட்டத்திலேயே சாய்ந்து கிடக்கும் வாழைத்தண்டு, தேங்காய்ப் பிண்ணாக்கு, கயிற்றுத் தொழிலில் மிஞ்சும் நார்ச்சோறு, மரச்சீனி என்னும் மரவள்ளிக்கிழங்கின் தோல் என்று பட்டியல் நீளும். ஆனால் கிடைக்கிறது என்பதற்காக எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. பாக்டீரியா தன் முன்னால் இருக்கும் உணவைச் செரிக்கத் தேவையான நொதியையே பெரும்பாலும் அதிகமாகச் சுரக்கும் என்பதால், கழிவில் என்ன இருக்கிறது என்பதே எந்த நொதி கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. மாவுச்சத்து மிகுந்த மரச்சீனித் தோலும் தவிடும், மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸுக்கு ஏற்றவை. புரதம் மிகுந்த பிண்ணாக்கு, புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸுக்கு ஏற்றது. வைக்கோலும் வாழைத்தண்டும், நார்ப்பொருளை உடைக்கும் சைலனேஸ், செல்லுலேஸ் நொதிகளுக்கு உதவும். வாழைத்தோலில் பெக்டினும் மாவுச்சத்தும் இருந்தாலும் அதிலுள்ள டானின் நொதியோடு ஒட்டிக்கொண்டு தொல்லை தரும். நார்ச்சோற்றில், எளிதில் மக்காத லிக்னின் மிக அதிகம். புதியவர்கள் அதன் பக்கம் போகாமலிருப்பதே நல்லது.

நான் இங்கே எடுத்துக்கொள்வது ஆல்பா அமைலேஸ். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. கழிவு எளிதில் கிடைக்கிறது. நொதி இருக்கிறதா இல்லையா என்பதை அயோடின் ஒரு சொட்டு விட்டே கண்ணால் பார்த்துவிடலாம். கஞ்சி போட்ட பாவில் (நீளவாட்டு நூலில்) நெய்த துணியிலிருந்து கஞ்சியை அகற்றும் தொழிலில் இதற்கு நெடுங்காலமாகவே வேலை இருக்கிறது. 1894-இல் ஜப்பானியரான தக்கமினே கோதுமைத் தவிட்டில் பூஞ்சையை வளர்த்து எடுத்த நொதிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பேசில்லஸ் இனப் பாக்டீரியாவிலிருந்து அமைலேஸ் எடுக்கும் முறைக்கு போய்தின், எப்ரோன் ஆகிய இருவரும் 1917-இல் காப்புரிமை பெற்றனர். ஆகவே நாம் செய்யப்போவது புதுமை அல்ல. தவிட்டின் இடத்தில் நம் ஊர்த் தோல் வருகிறது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உலகச் சந்தையில் விற்கும் பாக்டீரிய நொதிகளில் பெரும்பகுதி, காற்றுச் செலுத்திக் கலக்கும் பெரிய தொட்டிகளில் திரவ ஊடகத்தில் தயாராகிறது. ஈரமான திடக் கழிவின்மேல் வளர்க்கும் திடநிலை நொதித்தலைச் சிறு அளவில் குறைந்த கருவிகளோடும் குறைந்த கழிவுநீரோடும் செய்யலாம் என்பதால் இங்கே அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பெரிய தொட்டியோடு விலையில் போட்டியிடலாம் என்ற நம்பிக்கையோடு யாரும் இறங்க வேண்டாம்.

முதல் படி: தோலைப் பதப்படுத்துதல்

விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில், அதாவது 1880-களில், திருவிதாங்கூரில் பரவலாக ஊக்குவிக்கப்பட்ட பயிர் மரச்சீனி. அதன் தோலைப் பச்சையாக ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடக்கூடாது என்பது இங்குள்ள விவசாயிகளுக்குத் தெரியும். லினமாரின் என்ற பொருள் கிழங்கின் சதையைவிடத் தோலில் அதிகம். திசு நசுங்கும்போது தோலிலேயே இருக்கும் இன்னொரு நொதி அதன்மேல் வேலை செய்ய, ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. அது 26 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதிக்கும் பொருள் என்பதால் காற்றோட்டம் இருந்தால் பறந்துவிடும். மூடிய அறையில் குவித்தால் ஆபத்து.

எனவே தோலை மண் போக நன்றாகக் கழுவி, சிறு துண்டுகளாக வெட்டி, லேசாக நசுக்கி, வெட்டவெளியில் மெல்லிய பரப்பாக விரித்து வெயிலில் உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு நேரே அதிக வெப்பமுள்ள அடுப்பில் வைத்தால் லினமாரினை உடைக்கும் நொதி முதலில் செத்துவிடும். லினமாரின் தோலிலேயே தங்கிவிடும். மெதுவான வெயில்தான் இங்கே சிறந்த கருவி. ஆனால் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன் மாதத்தில் நான் உலர்த்தப் போட்ட முதல் சாக்குத் தோல், மூன்றாம் நாளே பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூத்துப் போனது. ஜனவரி முதல் மே வரை உலர்த்திச் சேமித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். மழைக்காலத்தில் செய்தே ஆகவேண்டுமானால், நசுக்கிய தோலைச் சில மணி நேரம் காற்றோட்டத்தில் விட்டபின் 60 டிகிரி செல்சியஸ் வெப்பப் பெட்டியில் உலர்த்தலாம்.

உலர்ந்த தோலை ரவைப் பருவத்துக்கு அரைத்தால் போதும். மாவாக அரைத்தால் நனைத்தவுடன் களியாகி, காற்று புகும் இடைவெளிகள் அடைபட்டு, பாக்டீரியா மூச்சுத் திணறும். மிகப் பெரிய துண்டுகளாக விட்டால் உள்ளே இருக்கும் மாவுச்சத்து அதற்கு எட்டாது. இரண்டு பக்கமும் கட்டுப்படும் அளவு ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர்.

இரண்டாம் படி: பாக்டீரியாவைத் தேடுதல்

இரண்டு வழிகள் உண்டு. சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. அல்லது புனேயில் உள்ள என்.சி.ஐ.எம். போன்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களிலிருந்து பெயரும் குணமும் தெரிந்த பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கெனிபார்மிஸ், பேசில்லஸ் அமைலோலிக்குவிபேசியன்ஸ் வகைகளில் ஒன்றைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். தொழிலாக்கும் எண்ணம் உள்ளவர்கள் இந்த வழியில் போவதையே நான் பரிந்துரைப்பேன். மண்ணிலிருந்து நாமே பிரித்தெடுப்பது இரண்டாவது வழி. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பயிற்சி இல்லை என்பதால் அதையும் சொல்கிறேன்.

மரச்சீனி சிப்ஸ் போடும் கொட்டகையின் பின்புறம், தோல் கொட்டி அழுகும் இடத்து மண்ணை எடுங்கள். ஒரு கிராம் மண்ணை 10 மி.லி. கிருமியற்ற உப்புநீரில் கலக்கி, 80 டிகிரி செல்சியஸ் நீரில் பத்து நிமிடம் வைத்தால் சாதாரண பாக்டீரியாக்கள் மடிந்து, வெப்பத்தைத் தாங்கும் வித்து உருவாக்கும் பேசில்லஸ் போன்ற இனங்கள் மட்டும் மிஞ்சும். பிறகு பத்து பத்து மடங்காக, பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை நீர்த்து, 1 சதவீதக் கரையும் மாவுச்சத்து சேர்த்த நியூட்ரியன்ட் அகார் தட்டுகளில் 0.1 மி.லி. வீதம் பரப்பி, 37 டிகிரி செல்சியஸில் 24 முதல் 48 மணி நேரம் வைக்க வேண்டும். அயோடின் ஊற்றினால் தட்டு முழுவதும் கருநீலமாகும். மாவுச்சத்தைத் தின்ற பாக்டீரியத் திட்டைச் சுற்றி மட்டும் நிறமற்ற வளையம் தெரியும். அயோடின் பட்ட திட்டு உயிர் பிழைப்பது உறுதியில்லை என்பதால், ஊற்றும் முன்பே ஒவ்வொரு திட்டிலிருந்தும் வேறொரு தட்டில் நகல் எடுத்து வைக்க வேண்டும். இதை மறந்து, மிகப் பெரிய வளையம் தந்த திட்டைக் கைநழுவ விட்டவர்கள் ஏராளம்.

வளையத்தின் விட்டத்தைத் திட்டின் விட்டத்தால் வகுத்து வரும் எண்ணைக் கொண்டு வரிசைப்படுத்தலாம். ஆனால் அந்த வரிசை ஒரு முதல்கட்ட வடிகட்டல் மட்டுமே. அகாரில் பரவும் வேகம், திட்டின் வயது எல்லாம் வளையத்தைப் பாதிக்கும். தட்டில் முதலாவதாக வந்தது தோலில் ஐந்தாவதாகப் போவதை எதிர்பார்த்தே இருங்கள். நான்கைந்து வகைகளைக் கடைசிவரை கொண்டுபோங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். மண்ணிலிருந்து இதே முறையில் வெளிவரக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்குவது. அதுவும் மாவுச்சத்தைக் கரைத்து அழகான வளையம் காட்டக்கூடியது. முட்டை மஞ்சள் கரு சேர்த்த அகாரில் திட்டைச் சுற்றி வெண்ணிறக் கலங்கல் தோன்றினால், மேலும் அந்த வகை மானிட்டாலை நொதிக்காவிட்டால், அதைக் கிருமிநீக்கம் செய்து அப்புறப்படுத்திவிடுங்கள். கடைசியில் தேர்ந்தெடுக்கும் வகையை பாக்டீரியாவின் இனத்தை அடையாளம் காட்டும் 16 எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணு வரிசை பார்த்து உறுதி செய்யாமல் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது. பெயர் தெரியாத பாக்டீரியாவைக் கிலோ கணக்கில் பெருக்குவது ஆபத்து. இதைச் சமையலறையில் செய்யக் கூடாது என்று தொடக்கத்தில் சொன்னதன் காரணம் இதுதான்.

தூய வகையைச் சாய்வு அகாரில் 4 டிகிரி செல்சியஸிலும், 20 சதவீதக் கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியிலும் வைக்கலாம். அடிக்கடி மாற்றி நட்டுக்கொண்டே இருந்தால் நொதி சுரக்கும் திறன் குறைவது வழக்கம். ஆகவே கிளிசரால் சேமிப்பைத் தொடக்கத்திலேயே நிறையச் செய்துகொள்வது நல்லது.

மூன்றாம் படி: விதை வளர்ப்பு

தோலில் இடப்போகும் பாக்டீரியாவை முன்கூட்டியே திரவத்தில் பெருக்கி வைப்பதே விதை வளர்ப்பு. இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 50 மி.லி. நியூட்ரியன்ட் குழம்பில் கம்பி வளையத்தால் ஒரு முறை அள்ளிய பாக்டீரியாவை இட்டு, 37 டிகிரியில், நிமிடத்துக்கு 150 சுற்று குலுக்கலில் 18 மணி நேரம் வளர்த்து, 600 நானோமீட்டரில் ஒளி அடர்த்தி சுமார் 1.0 ஆகுமாறு சரிசெய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே வயது, அதே அடர்த்தி என்பதே முக்கியம். பழைய வளர்ப்பில் வித்துகள் மிகுந்து, தோலில் முளைக்கத் தாமதமாகும்.

நான்காம் படி: கலவையும் ஈரமும்

மரச்சீனித் தோலில் மாவுச்சத்து உண்டு, புரதம் குறைவு. நைட்ரஜன் இல்லாமல் பாக்டீரியா நொதியைக் கட்ட முடியாது. அதனால் தொடக்கக் கலவையாகத் தோல் ஆறு பங்கு, அரிசித் தவிடு மூன்று பங்கு, எண்ணெய் நன்றாகப் பிழியப்பட்ட தேங்காய்ப் பிண்ணாக்கு ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளலாம். இது இறுதியான விகிதம் அல்ல. உங்கள் பாக்டீரியாவுக்கு எது பொருந்தும் என்பதை நீங்கள்தான் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்.

கருப்பட்டியோ சர்க்கரையோ சேர்த்தால் நன்றாக வளருமே என்று பலர் கேட்பார்கள். வளரும். நொதிதான் வராது. எளிதில் உண்ணக்கூடிய குளுக்கோஸ் கிடைக்கும்போது பேசில்லஸ் அமைலேஸ் மரபணுவை அடக்கி வைத்துவிடுகிறது. சோறு பரிமாறிய பிறகு எவரும் நெல் குத்தப் போவதில்லை. செல்கள் கோடிக்கணக்கில் பெருகியும் நொதி அளவு தரையிலேயே கிடந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இனிப்பைத்தான்.

அடுத்து ஈரம். இந்த வழிகாட்டியில் எந்த ஒரு படியை இரண்டு முறை படிக்க வேண்டும் என்று கேட்டால், நான் இதைத்தான் காட்டுவேன். திடநிலை நொதித்தல் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பல பூஞ்சைகளுக்காக எழுதப்பட்டவை. பூஞ்சை இழையாகப் படர்ந்து குறைந்த ஈரத்திலும் வாழும். பாக்டீரியாவுக்கு ஒவ்வொரு துகளின்மேலும் நீர்ப்படலம் இருந்தாக வேண்டும். புட்டுமாவுப் பதம் பூஞ்சைக்குச் சொந்தமானது. பிடித்தால் பிடியும், உதிர்த்தால் உதிரும் அந்தப் பதத்தில் பேசில்லஸ் சோம்பிக் கிடக்கும். கைப்பிடிக்குள் இறுக்கினால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், ஆனால் பாத்திரத்தின் அடியில் நீர் தேங்கக் கூடாது. எண்ணில் சொன்னால் 60 முதல் 70 சதவீத ஈரப்பதம்.

கணக்கை ஒரு முறை போட்டுக் காட்டுகிறேன். உலர் கலவை 10 கிராம் இருக்கிறது. 105 டிகிரி வெப்பத்தில் எடை மாறாத வரை உலர்த்திப் பார்த்ததில் அதில் ஏற்கெனவே 10 சதவீத ஈரம் இருப்பது தெரிகிறது என்று வையுங்கள். அப்படியானால் உண்மையான திடப்பொருள் 9 கிராம். 65 சதவீத ஈரம் வேண்டுமென்றால், இந்த 9 கிராம் மொத்த எடையில் 35 சதவீதமாக அமைய வேண்டும், 9-ஐ 0.35-ஆல் வகுக்க, மொத்த எடை 25.7 கிராம் வருகிறது. சேர்க்க வேண்டிய நீர் 15.7 மி.லி. இதில் 1 மி.லி. விதை வளர்ப்பாகவே உள்ளே போகும். மீதி 14.7 மி.லி.தான் உப்புக் கரைசல். விதை வளர்ப்பின் நீரைக் கணக்கில் எடுக்காமல் விடுவது மிகப் பொதுவான பிழை.

உப்புக் கரைசலில் லிட்டருக்கு டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1 கிராம், மக்னீசியம் சல்பேட் 0.5 கிராம், சோடியம் குளோரைடு 1 கிராம் இட்டு, பி.எச். அளவை 7-க்குக் கொண்டுவர வேண்டும். ஆல்பா அமைலேஸின் கட்டமைப்பை இறுக்கிப் பிடித்திருப்பது கால்சியம் என்பதால் கால்சியம் குளோரைடும் சிறிதளவு தேவை. ஆனால் அதைப் பாஸ்பேட்டோடு சேர்த்துச் சூடாக்கினால் கால்சியம் பாஸ்பேட்டாகப் படிந்துவிடும். தனியே கிருமிநீக்கம் செய்து, ஆறியபின் சேர்க்கவும். அந்த நீரையும் 14.7 மி.லி. கணக்குக்குள்ளேயே அடக்க வேண்டும்.

250 மி.லி. கூம்புக் குடுவையில் கலவையை இட்டு, பஞ்சடைத்து, 121 டிகிரி செல்சியஸ், 15 பவுண்டு அழுத்தத்தில் 30 நிமிடமாவது ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமிநீக்கம்) செய்ய வேண்டும். திரவத்துக்குப் போதுமான 15 நிமிடம் இங்கே போதாது. மண்ணோடு ஒட்டி வந்த வித்துகள் துகளுக்குள் ஒளிந்துகொள்ளும். விதை இடாத இரண்டு குடுவைகளையும் கூடவே வைத்து, கடைசி நாளில் அவற்றில் வளர்ச்சி எதுவும் இல்லை என்று பார்த்தால்தான், கிடைத்த நொதி நீங்கள் இட்ட பாக்டீரியாவினுடையது என்று சொல்ல முடியும்.

ஐந்தாம் படி: நொதித்தல்

ஆறிய குடுவையில் 1 மி.லி. விதை வளர்ப்பை இட்டு, கிருமியற்ற கண்ணாடிக் குச்சியால் கிளறி, 37 டிகிரியில் வைக்க வேண்டும். ஒரே குடுவையைத் திறந்து திறந்து மாதிரி எடுக்காமல், ஒவ்வொரு நேரத்துக்கும் தனிக் குடுவைகளை ஒதுக்குங்கள். 12, 24, 36, 48, 60, 72 மணி நேரங்களுக்கு மூன்று மூன்றாக 18 குடுவைகள் ஆகும். வேலைதான், ஆனால் இந்தக் கால அட்டவணை இல்லாமல் பின்னால் எடுக்கும் எந்த முடிவுக்கும் அடித்தளம் இருக்காது.

நொதியின் அளவு பெரும்பாலும் 36 முதல் 60 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். நாள் கூடக்கூட நொதியும் கூடும் என்ற எண்ணம் இங்கே பலிக்காது. உணவு குறையும்போது பேசில்லஸ் வித்தாகத் தொடங்குகிறது. அதே நேரத்தில் அது சுரக்கும் புரோட்டியேஸ், தானே சுரந்த அமைலேஸையும் கடித்துத் தின்கிறது. உச்சத்துக்குச் சற்று முன்பே நிறுத்துவது புத்திசாலித்தனம்.

மூக்கும் ஒரு கருவிதான். கலவை பிசுபிசுத்து, லேசான புளித்த பயறு வாடை வீசினால் கவலைப்பட வேண்டாம். அமோனியா நெடி ஏறினால் புரதம் அளவுக்கு மேல் சிதைகிறது, பி.எச். 8-ஐத் தாண்டுகிறது என்று பொருள். புளிப்பு வாடையென்றால் வேறு பாக்டீரியா புகுந்திருக்கிறது. பச்சை, கறுப்புப் பொடி தெரிந்தால் குடுவையைத் திறக்காமலே ஆட்டோகிளேவுக்கு அனுப்பிவிடலாம்.

ஆறாம் படி: பிரித்தெடுத்தல்

ஒரு கிராம் ஈரக் கலவைக்கு 10 மி.லி. வீதம், 0.1 சதவீத ட்வீன் 80 (சோப்பைப் போல் ஒட்டியதை விடுவிக்கும் பொருள்) சேர்த்த, பி.எச். மாறாமல் காக்கும் டிரிஸ் தாங்கல் கரைசலை ஊற்றி, அறை வெப்பத்தில் 30 நிமிடம் குலுக்கி, நான்காக மடித்த மல் துணியில் பிழிந்து, அந்த நீரை 4 டிகிரியில் நிமிடத்துக்கு 10,000 சுற்றில் 15 நிமிடம் சென்ட்ரிபியூஜ் செய்தால், மேலே நிற்கும் தெளிந்த பழுப்பு நீரே கச்சா நொதி. பாஸ்பேட் தாங்கலை இங்கே தவிர்ப்பதற்குக் காரணம் முன்பு சொன்ன கால்சியம்தான்.

ஏழாம் படி: அளத்தல்

வேகமாகப் பார்க்க வேண்டுமென்றால், 1 சதவீத மாவுச்சத்துக் கரைசலில் நொதியைச் சேர்த்து, நிமிடத்துக்கு ஒரு சொட்டு எடுத்து அயோடினோடு சேர்த்துப் பாருங்கள். நீலம் ஊதாவாகி, சிவப்பாகி, நிறமற்றுப் போகும். ஆல்பா அமைலேஸ் சங்கிலியை நடுவில் வெட்டுவதால் இந்த நிறமாற்றம் சட்டென நிகழ்கிறது. ஆனால் அறிக்கையில் எழுத எண் வேண்டும்.

அதற்கு, மாவுச்சத்து உடையும்போது வெளிவரும் ஒடுக்கும் சர்க்கரையை நிறத்தால் அளக்கும், 1959-இல் மில்லர் வெளியிட்ட டி.என்.எஸ். முறையே இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. 1 கிராம் டைநைட்ரோசாலிசிலிக் அமிலத்தை 20 மி.லி. 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, 30 கிராம் சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட் சேர்த்து, நீரால் 100 மி.லி. ஆக்கிப் பழுப்புப் புட்டியில் வைக்கவும். 1 சதவீத மாவுச்சத்து 0.5 மி.லி., தகுந்தபடி நீர்த்த நொதி 0.5 மி.லி. இரண்டையும் கலந்து 50 டிகிரியில் சரியாக 10 நிமிடம் வைத்து, 1 மி.லி. டி.என்.எஸ். சேர்த்து நிறுத்தி, கொதிநீரில் 5 நிமிடம் வைத்து, ஆறியபின் 8 மி.லி. நீர் சேர்த்து 540 நானோமீட்டரில் படிக்க வேண்டும். கச்சா நொதியிலேயே ஒடுக்கும் சர்க்கரை இருக்கும் என்பதால், டி.என்.எஸ். முதலில் சேர்த்து அதன்பின் நொதி சேர்த்த ஒப்பீட்டுக் குழாய் இல்லாத அளவீடு வெறும் பொய்.

ஒரு யூனிட் என்பது நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் ஒடுக்கும் சர்க்கரையை விடுவிக்கும் நொதி. நூறு மடங்கு நீர்த்த நொதியில் ஒப்பீட்டைக் கழித்தபின் 0.6 மி.கி. மால்டோஸ் வந்தது என்று கொள்வோம். மால்டோஸின் மூலக்கூறு எடை 342. எனவே அது 1.75 மைக்ரோமோல். 10 நிமிடத்தாலும் 0.5 மி.லி.யாலும் வகுத்து, நூறால் பெருக்க, மி.லி.க்குச் சுமார் 35 யூனிட். கிராமுக்கு 10 மி.லி. ஊற்றியதால் ஈரக் கலவை கிராமுக்கு 350 யூனிட். அதே எண்ணை உலர் எடைக்கு மாற்றினால், 0.35-ஆல் வகுக்க, 1,000 யூனிட் ஆகிவிடுகிறது! பாக்டீரியா மாறவில்லை, கலவை மாறவில்லை. அடிப்படை மட்டுமே மாறியது. எனவே யூனிட் எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அது ஈர எடைக்கா உலர் எடைக்கா, எந்த வெப்பத்தில், எந்தச் சர்க்கரையை அளவாகக் கொண்டு என்று கேளுங்கள். எழுதும்போதும் அவற்றைச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: செறிவூட்டலும் சேமிப்பும்

கச்சா நொதியைப் பனிக்கட்டியில் வைத்து, நன்றாகப் பொடித்த அம்மோனியம் சல்பேட்டைச் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். 0 டிகிரியில் 100 மி.லி.க்கு 51.6 கிராம் சேர்த்தால் 80 சதவீதச் செறிவு வரும். ஓர் இரவு குளிரில் வைத்து, சென்ட்ரிபியூஜ் செய்து, வீழ்படிவைக் குறைந்த தாங்கலில் கரைத்து, சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் உப்பை நீக்கலாம். அமைலேஸ் 50 கிலோடால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறு என்பதால் 12 கிலோடால்டன் பையில் தங்கிவிடும். பிற்பாடு செல்லுலேஸ் எடுக்கப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: சாதாரண டயாலிசிஸ் பையே செல்லுலோஸ்தான், உங்கள் நொதி பையைத் தின்றுவிடும்.

துணித் தொழிலுக்கு இவ்வளவு தூய்மை தேவையில்லை. தெளிந்த திரவத்தில் கிளிசராலும் சிறிது கால்சியமும் சேர்த்துக் குளிரில் வைத்தாலே போதும். பொடியாக்கும் ஆசை வேண்டாம். 1960-களின் இறுதியில் பிரிட்டனில் சலவைத்தூள் தொழிற்சாலைகளில் பேசில்லஸ் நொதித் தூசியை மூச்சில் இழுத்த தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்தது. அதன் பிறகே நொதியை மெழுகு போன்ற உறையிட்ட குருணையாகத் தரும் வழக்கம் நிலைபெற்றது. உறையிடும் வசதி இல்லாதவர் திரவத்தோடு நிற்க வேண்டும்.

ஒன்பதாம் படி: துணியில் சோதனை

பி.எச். 5 முதல் 10 வரையிலும், 30 முதல் 90 டிகிரி வரையிலும் நொதியின் வேகத்தை அளந்து, அது சிறப்பாக வேலை செய்யும் இடத்தைக் கண்டறியுங்கள். லைக்கெனிபார்மிஸ் வகை 90 டிகிரியையும் தாங்கும். மற்றவை பொதுவாக அதற்கு முன்பே தளர்ந்துவிடும். வெப்பத்தில் எவ்வளவு வேகம் என்பதைப் போலவே, அந்த வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்தபின் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதும் முக்கியம்.

பிறகு நாகர்கோவில் வடசேரிப் பக்கத்து நெசவாளர் ஒருவரிடம் கஞ்சி போட்ட பாவில் நெய்த கோராத் துணித் துண்டு வாங்கி, நொதிக் கரைசலில் ஊறவைத்து, வெந்நீரில் அலசி, அயோடின் சொட்டு விட்டுப் பாருங்கள். கருநீலம் என்றால் கஞ்சி அப்படியே இருக்கிறது. ஆலைகள் இதை டெகேவா அளவுகோலில் 1 முதல் 9 வரை மதிப்பிடுகின்றன. 9 என்றால் கஞ்சி முற்றிலும் நீங்கிவிட்டது. திருப்பூரிலோ ஈரோட்டிலோ வாங்குபவர் கேட்கும் கேள்வி கிராமுக்கு எத்தனை யூனிட் என்பது அல்ல. எத்தனை நிமிடத்தில் எந்த எண்ணுக்கு வருகிறது என்பதுதான்.

தட்டுக்கு மாறும்போது

குடுவையில் சிரிக்கும் நொதித்தல் தட்டில் அழும். கிலோ கணக்கில் போகும்போது வரும் எதிரி வெப்பம். பாக்டீரியா மூச்சுவிடும்போது வெளிவரும் சூடு, ஈரமான தோலுக்குள்ளிருந்து எளிதில் வெளியேறுவதில்லை. அலுமினியத் தட்டில் இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் பரப்பாதீர்கள். நடுவில் ஒரு வெப்பமானியைச் செருகி வைத்து, 42 டிகிரியைத் தாண்டினால் கிருமியற்ற கரண்டியால் கிளறுங்கள். குமரியின் ஈரக் காற்று மேற்பரப்பு காயாமல் பார்த்துக்கொள்ளும் என்றாலும், அதே காற்று பூஞ்சை வித்துகளையும் சுமந்து வரும் என்பதால் அறையை மூடி, வடிகட்டிய காற்றை மட்டும் விட வேண்டும்.

கலவை விகிதம், ஈரம், பி.எச். ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது புரிந்துகொள்ள உதவும். பிறகு, பல காரணிகளை ஒரே நேரத்தில் மாற்றிப் பார்க்கும், பிளாக்கெட், பர்மன் ஆகியோர் 1946-இல் தந்த சோதனைத் திட்டம் போன்ற புள்ளியியல் முறைகளுக்கு மாறினால் குடுவைகள் மிச்சமாகும். சந்தேகம் கேட்கவும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திடநிலை நொதித்தலில் நீண்ட கால ஆய்வு செய்த நிஸ்ட் (தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம்) அமைப்பும், ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் திருவனந்தபுரத்திலேயே இருக்கின்றன.

நம் மண்ணில் பிரித்த பாக்டீரியாவை வெளிநாட்டுக்கு அனுப்ப நேர்ந்தால், 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்படி சென்னையில் தலைமையகம் கொண்ட தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையத்தின் அனுமதி தேவையா என்பதை முதலில் பாருங்கள்.

நொதி பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையில் கோடிக்கணக்கான வித்துகள் இருக்கும். பிளீச்சிங் பவுடர் கரைசலை நம்பாமல், சக்கையையும் பயன்படுத்திய தட்டுகளையும் 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்த பிறகே வெளியே கொண்டுபோக வேண்டும். அப்படி வேகவைத்த சக்கையைச் சாணத்தோடு சேர்த்து மக்கவைத்து ஏத்தன் வாழைக்கு இடலாம்.